வடசென்னையிலிருந்து பார்டெண்டர் வேலைக்குப் போக: உரிமம், பயிற்சி பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்

வியாசை_இளைஞன்

அனைவருக்கும் வணக்கம். நான் வியாசர்பாடியைச் சேர்ந்தவன், வயது 20. பிளஸ் டூ முடித்த பிறகு பெரம்பூரில் உள்ள ஓர் உணவகத்தில் பரிமாறும் வேலையில் இருக்கிறேன். எங்கள் உணவகத்தில் மது கிடையாது. பழச்சாறும் மாக்டெயிலும் தயாரிக்கும் கவுண்டரில் ஆள் இல்லாத நேரங்களில் நின்று பழகியதில், இந்த வேலை எனக்குக் கைவரும் என்ற நம்பிக்கை பிறந்திருக்கிறது. ஒரு நட்சத்திர ஹோட்டலில் பார்டெண்டராகச் சேர வேண்டும், வாய்த்தால் பின்னாளில் கப்பலுக்கோ வெளிநாட்டுக்கோ போக வேண்டும் என்பது என் விருப்பம்.

ஒரு தனியார் பயிற்சி நிறுவனத்தில் விசாரித்தேன். எட்டு வாரப் பயிற்சியின் முடிவில் அரசு அங்கீகாரம் பெற்ற பார்டெண்டர் லைசென்ஸ் தருவதாகவும், அது இல்லாதவரை எந்த ஹோட்டலும் பார் பக்கம் விடாது என்றும், கட்டணம் 45,000 ரூபாய் என்றும் சொன்னார்கள். அப்பா துறைமுகத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. கடன் வாங்கித்தான் அந்தத் தொகையைக் கட்ட முடியும். அப்படி ஓர் உரிமம் உண்மையிலேயே இருக்கிறதா? இந்தத் தொழிலில் இருப்பவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

அளவுக்குவளை

தம்பி, பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிட்டீர்கள், அதுவே பெரிய நிம்மதி. நான் கொடுங்கையூரில் வசிப்பவன். நகரின் நட்சத்திர ஹோட்டல் ஒன்றின் பாரில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன்.

தமிழ்நாட்டில் பார்டெண்டர் என்ற தனி மனிதருக்கு அரசு வழங்கும் உரிமம் என்று எதுவும் கிடையாது. இங்கே உரிமம் இடத்துக்குத்தான். 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டமும், அதன் கீழ் 1981இல் வந்த மதுபான உரிமம் மற்றும் அனுமதி விதிகளும்தான் இன்றும் இதற்கு அடிப்படை. அந்த விதிகளின்படி உறுப்பினர்களுக்கு மட்டும் வழங்கும் கிளப்புகளுக்கு எஃப்.எல்.2, நட்சத்திர ஹோட்டல்களுக்கு எஃப்.எல்.3, சுற்றுலா வளர்ச்சிக் கழக ஹோட்டல்களுக்கு எஃப்.எல்.3ஏ என்று வகை வகையாக உரிமம் தரப்படுகிறது. உரிமத்தின் நிபந்தனைகள் கட்டுப்படுத்துவது ஹோட்டலை. பாருக்குள் நிற்கும் நாம் ஒரு நிபந்தனையை மீறினால் பதில் சொல்ல வேண்டியதும் ஹோட்டலே. ஆகையால் 21 வயது நிறையாதவருக்கு வழங்கக் கூடாது, அனுமதிக்கப்பட்ட நேரம் கடந்து வழங்கக் கூடாது, டாஸ்மாக் வழியாக முறையாக வாங்கிய சரக்கைத் தவிர வேறெதையும் அலமாரியில் வைக்கக் கூடாது என்பனவற்றையெல்லாம் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

வேறு மாநிலங்களில் கொஞ்சம் மாறுபடும். மகாராஷ்டிரத்தில் உரிமம் பெற்ற இடத்தில் வேலை செய்யும் ஆட்களின் பெயரில் ஆயத்தீர்வைத் துறையிடமிருந்து நௌகர்நாமா என்ற அனுமதிச் சீட்டு வாங்கும் வழக்கம் உண்டு. அதற்கும் முதலாளிதான் விண்ணப்பிக்க வேண்டும். பயிற்சி நிறுவனம் அதை அச்சடித்துக் கொடுக்க முடியாது.

ஆகவே உங்களுக்கு அவர்கள் தரப்போவது பயிற்சி முடித்த சான்றிதழ் மட்டுமே. பயிற்சி நன்றாக இருந்தால் அந்தச் சான்றிதழுக்கும் ஓரளவு மதிப்பு உண்டு. ஆனால் இல்லாத ஓர் உரிமத்தைக் காட்டிப் பணம் கேட்கிறவர்கள் உள்ளே சொல்லிக் கொடுப்பதில் எவ்வளவு நேர்மையாக இருப்பார்கள் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சுங்கச்சாவடி_வாசி

எந்தச் சட்டத்தின் கீழ், எந்தத் துறை வழங்கும் உரிமம் என்பதை நிறுவனத்தின் முத்திரையோடு கட்டண ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதன் பிறகு அவர்கள் உங்களைத் தொலைபேசியில் அழைக்கவே மாட்டார்கள்.

பழைய_வண்ணை

நான் இந்தத் தொழிலைப் பற்றி அறிந்தவன் அல்லன்; பழைய வண்ணாரப்பேட்டையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளி ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் மட்டும் ஒன்றைக் கேட்கிறேன். 2003 நவம்பரில் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்கு வந்த நாளிலிருந்து எங்கள் தெருக்களில் குடியால் சீரழிந்த வீடுகளை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். சம்பளத்தை வீட்டுக்குக் கொண்டுவராத தகப்பன்களின் பிள்ளைகள் கட்டணம் கட்ட முடியாமல் வகுப்புக்கு வெளியே நின்றதும், என் மாணவர்களிலேயே சிலர் முப்பது வயதுக்குள் கல்லீரல் கெட்டு இறந்ததும் என் நினைவிலிருந்து நீங்குவதில்லை. இருபது வயதுப் பிள்ளை ஒருவன் மது ஊற்றிக் கொடுக்கும் வேலையைத் தேடிப் போகிறான் என்றால், அவனுக்கு வழி சொல்வதற்கு முன்பு வேறு வழி இருக்கிறதா என்று பார்க்கக் கூடாதா? சமையல், பேக்கரி, ஹோட்டல் வரவேற்பு என்று அதே துறையில் எத்தனையோ வேலைகள் இருக்கின்றனவே.

அளவுக்குவளை

ஐயா, உங்கள் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். என் தெருவிலும் அதே கதைதான். ஆனால் நீங்கள் சொல்லும் கடைக்கும் இந்தத் தம்பி போக நினைக்கும் இடத்துக்கும் நடுவில் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்ல வேண்டியது என் கடமை.

டாஸ்மாக் கடையை ஒட்டிய பாரில் பார்டெண்டர் என்று எவரும் இல்லை. அங்கே ஏலம் எடுத்தவர் தின்பண்டம் விற்கவும் காலிப் பாட்டில்களைச் சேகரிக்கவும்தான் உரிமை பெற்றிருக்கிறார். குடிப்பவர் கடையில் பாட்டில் வாங்கி வந்து, தானே ஊற்றி, எவ்வளவு வேண்டுமானாலும் குடித்துவிட்டுப் போகிறார். போதும் என்று சொல்ல அங்கே ஆள் கிடையாது. முறையான பாரில் அப்படிச் சொல்லும் பொறுப்பு பார்டெண்டருடையது. அதற்கு அவன் கணக்கு அறிந்திருக்க வேண்டும். நம் ஊரில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் ஆகியவற்றில் ஆல்கஹால் 42.8 விழுக்காடு. ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லி, உள்ளே போனால் ஏறத்தாழ 20 கிராம் தூய ஆல்கஹால் போகிறது. உலக சுகாதார நிறுவனம் ஓர் அளவு என்று கணக்கிடுவது 10 கிராமைத்தான். 8 விழுக்காடு உள்ள 650 மில்லி ஸ்ட்ராங் பீர் பாட்டில் ஒன்று ஏறத்தாழ இரண்டு லார்ஜுக்குச் சமம். "பீர்தானே" என்று சொல்லிக்கொண்டு மூன்றாவது பாட்டில் கேட்பவரிடம், இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு, அவர் முகம் கோணாதபடி தண்ணீரும் சாப்பாடும் கொண்டுவந்து வைத்து, வண்டிச் சாவியை அவர் நண்பரிடம் கொடுக்க வைப்பது இந்த வேலையின் பெரும்பகுதி. வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம்தான் என்பதை எங்கள் ஹோட்டலில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதலில் சொல்லித் தருகிறோம்.

இந்த வேலை எல்லோருக்கும் ஏற்றது என்று நான் சொல்லவில்லை. வீட்டில் குடிப்பழக்கத்தால் காயம்பட்டவர்களும், தனக்கே அந்த ஈர்ப்பு இருப்பதாக உணர்கிறவர்களும் வேறு பிரிவுக்குப் போவதே நல்லது என்று நேர்காணலுக்கு வரும் பிள்ளைகளிடம் நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன். பாருக்குள் இரவு முழுவதும் கைக்கெட்டும் தூரத்தில் சரக்கு இருக்கும். பணி நேரத்தில் ஒரு துளியும் தொடாமல் இருப்பது எழுதப்பட்ட விதி மட்டுமல்ல, இந்தத் தொழிலில் நீடிப்பதற்கு அதுவே வழி.

பழைய_வண்ணை

நீங்கள் விளக்கிய விதத்தில் நியாயம் இருக்கிறது. போதும் என்று சொல்ல ஒருவர் வேண்டும் என்பதை ஏற்கிறேன். அப்படியானால் அந்தப் பிள்ளைக்கு முதலில் சொல்லித் தர வேண்டியது கலவைகளை அல்ல, இந்தக் கணக்கையே என்று கேட்டுக்கொள்கிறேன்.

தரமணி_முன்னாள்

பயிற்சிக்கான வழிகளை நான் எழுதுகிறேன். தரமணியில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ஹோட்டல் மேலாண்மை நிறுவனம் இருக்கிறது, 1960களிலிருந்து நடந்துவருகிறது. அங்கே மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் சேர வேண்டுமானால் தேசியத் தேர்வு முகமை நடத்தும் என்.சி.எச்.எம். ஜே.இ.இ. நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். மூன்று ஆண்டு ஒதுக்க முடியாத உங்களைப் போன்றவர்களுக்கு உணவு மற்றும் பானப் பரிமாறலில் ஏறத்தாழ ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. பார் பாடம் அதில் ஒரு பகுதிதான் என்றாலும், மேசை ஒழுங்கு, ஒயின் பரிமாறுதல், கண்ணாடிக் குவளை வகைகள், சுகாதாரம், பில் போடும் முறை எல்லாம் சேர்ந்து வருவதால், ஹோட்டல்காரர்கள் தனியார் பார் பயிற்சியைக் காட்டிலும் இதற்கே அதிக மதிப்பு கொடுக்கிறார்கள். கட்டணமும் உங்களிடம் கேட்ட தொகையை விடக் கணிசமாகக் குறைவாக இருக்கும். நடப்பு ஆண்டின் தொகையை அவர்களுடைய அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கடற்கரை நிலையத்திலிருந்து பறக்கும் ரயிலில் ஏறினால் தரமணியிலேயே இறங்கலாம் என்பது வடசென்னைப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி.

கட்டணமே கட்ட முடியாத நிலை என்றால் ஒன்றிய, மாநில அரசுகளின் திறன் பயிற்சித் திட்டங்களில் உணவு, பானப் பரிமாறல் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். சுற்றுலா மற்றும் விருந்தோம்பல் திறன் குழுமத்தின் மதிப்பீட்டோடு வரும் சான்றிதழ் இந்தியா முழுவதும் ஒரே மாதிரியானது. தமிழக அரசின் நான் முதல்வன் தளத்திலும் விருந்தோம்பல் பயிற்சிகள் அவ்வப்போது வருகின்றன.

மதுவகைகளைப் பற்றி ஆழமாகப் படிக்க விரும்புபவர்களுக்கு லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட, 1969இல் தொடங்கப்பட்ட டபிள்யூ.எஸ்.இ.டி. என்ற அமைப்பின் தேர்வுகள் உலகம் முழுவதும் செல்லுபடியாகும். ஒயினுக்குத் தனியாக, காய்ச்சி வடித்த மதுவகைகளுக்குத் தனியாக, படிப்படியான நிலைகளில் இருக்கும். அதைத் தொடக்கத்திலேயே எடுக்க வேண்டாம். ஓராண்டு பாரில் நின்ற பிறகு எடுத்தால்தான் படிப்பது மனத்தில் பதியும், ஹோட்டலே கட்டணத்தில் ஒரு பகுதியை ஏற்கவும் வாய்ப்புண்டு.

எண்ணூர்_மாணவி

நான் உணவக மேலாண்மை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பெண்களை பார் பிரிவில் எடுக்கச் சட்டம் இடம் கொடுக்காது என்று என் உறவினர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். அது உண்மையா? உண்மை இல்லை என்றால், இரவு வேலை முடிந்து எண்ணூர் வரை திரும்புவது எப்படி என்பதையும் கேட்க விரும்புகிறேன்.

தரமணி_முன்னாள்

தங்கையே, உங்கள் உறவினர் சொல்வது பழைய கதை. 1914ஆம் ஆண்டின் பஞ்சாப் ஆயத்தீர்வைச் சட்டத்தின் 30ஆவது பிரிவு, மது அருந்தும் இடங்களில் பெண்களையும் 25 வயதுக்கு உட்பட்ட ஆண்களையும் வேலைக்கு அமர்த்தக் கூடாது என்று சொன்னது. அந்தச் சட்டம் டெல்லிக்கும் பொருந்தியது. அதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. பெண்ணுக்குப் பாதுகாப்பில்லை என்று காரணம் காட்டி அவளுடைய வேலையைப் பறிப்பதை நீதிமன்றம் ஏற்கவில்லை. பாதுகாப்பான சூழலை உருவாக்குவதே அரசின் கடமை என்றது. மும்பையில் ஷத்பி பாசு அதற்கும் பல ஆண்டுகள் முன்பே பார்டெண்டராகப் பெயர் பெற்று, பார்டெண்டர்களுக்கான பயிற்சிப் பள்ளியையும் நடத்திவருகிறார். சென்னை ஹோட்டல்களிலும் பார் கவுண்டருக்குப் பின்னால் பெண்கள் நிற்கிறார்கள்.

அளவுக்குவளை

திரும்பும் வழியைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் வடசென்னைக்காரர்கள் பலர் இந்த வேலையை விட்டுப் போவதற்குச் சம்பளத்தைக் காட்டிலும் இதுவே காரணமாக இருக்கிறது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டதால் போகும் வழி எளிதாகிவிட்டது. திரும்பும்போது நிலைமை வேறு. பார் மூடிய பிறகு குவளைகளைக் கழுவி, இருப்பைக் கணக்கெடுத்து, பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டு வெளியே வரும்போது கடைசி மெட்ரோ போயிருக்கும். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலும் அந்த நேரத்தில் நம்ப முடியாது. ஆகவே நேர்காணலில் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பே இரவு வாகன வசதி எந்தப் பகுதி வரை வருகிறது என்று கேளுங்கள். பல ஹோட்டல்களின் வேன் தெற்கு, மேற்குப் பகுதிகளுக்குத் தடையின்றிப் போகும். திருவொற்றியூருக்கு அப்பால் என்றால் தயங்குவார்கள். பெண் ஊழியர்களை இரவில் வேலைக்கு வைக்கும் நிறுவனம் அவர்களிடம் எழுத்துப்பூர்வச் சம்மதம் பெற வேண்டும், பாதுகாப்பும் போக்குவரத்தும் தர வேண்டும். அதைக் கேட்பது உரிமை. கேட்டதற்காக முகம் சுளிக்கும் இடத்தில் சேர வேண்டாம்.

கடல்காற்று

கப்பல் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். ராயபுரத்தில் பிறந்தவன், பயணிகள் சொகுசுக் கப்பல்களில் பார் பிரிவில் வேலை செய்துவிட்டு இப்போது கரையில் இருக்கிறேன். நம் பகுதியில் வீட்டுக்கு ஒரு கப்பல்காரர் இருக்கும் தெருக்கள் உண்டு. ஏமாந்தவர்களும் அதே தெருக்களில் இருப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கப்பலில் பார்டெண்டராக நேரே எடுப்பது அரிது. பார் யுடிலிட்டி என்ற உதவியாளராகவோ பார் வெயிட்டராகவோ சேர்ந்து, ஒன்றிரண்டு ஒப்பந்தம் முடித்த பிறகு மேலே போகலாம். பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் கரையில் நட்சத்திர ஹோட்டலில் வேலை செய்த அனுபவத்தைக் கேட்கின்றன. எனவே ஹோட்டல் வேலையைத் தாண்டிக் குதித்துவிட்டுக் கப்பலுக்குப் போகலாம் என்று எண்ண வேண்டாம்.

பார் வேலைக்குத் தனி உரிமம் இல்லாவிட்டாலும் கடலோடிக்கு உரிய ஆவணங்கள் உண்டு. எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற பன்னாட்டு உடன்படிக்கையின்படி உயிர்காப்பு முறை, தீயணைப்பு, முதலுதவி, தனிமனிதப் பாதுகாப்பும் சமூகப் பொறுப்பும் ஆகிய அடிப்படைப் பயிற்சிகளையும், பாதுகாப்புக் கடமை குறித்த பயிற்சியையும் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் ஒப்புதல் அளித்த நிறுவனத்தில் முடிக்க வேண்டும். இண்டோஸ் எண் என்ற கடலோடிப் பதிவெண் பெற வேண்டும், பிறகு சி.டி.சி. என்ற கடலோடிப் புத்தகம் எடுக்க வேண்டும். விண்ணப்பம் எல்லாம் தலைமை இயக்ககத்தின் இணையதளத்தில்தான். ராஜாஜி சாலை ஆங்கர்கேட் கட்டடத்தில் மெர்க்கன்டைல் மரைன் துறை அலுவலகம் இருப்பதால் நம் பகுதிக்காரர்களுக்கு அலைச்சல் குறைவு. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியும் சில கடல் வழிகளுக்குத் தேவைப்படும். ஒருமுறை போட்டுக்கொண்ட சான்றிதழ் இப்போது வாழ்நாள் முழுவதும் செல்லும்.

இனிச் சொல்வதை அழுத்தமாகச் சொல்கிறேன். கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கும் இந்திய முகவர் ஆர்.பி.எஸ்.எல். என்ற உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் தலைமை இயக்ககத்தின் தளத்திலேயே இருக்கிறது. எண்ணை அதில் சரிபார்க்காமல் கடவுச்சீட்டின் நகலைக்கூட எவரிடமும் கொடுக்காதீர்கள். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றுக்கொண்டுவிட்டது. அதன்படி வேலை வாங்கித் தருவதற்காகக் கடலோடியிடம் எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது. மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் புத்தகம், கடவுச்சீட்டு ஆகியவற்றின் செலவு மட்டுமே நம்முடையது. விசா செலவு கப்பல் உரிமையாளருடையது. இதை அறியாமல், மண்ணடியில் ஒரு மாடி அறையில் லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். பணம் கேட்ட நொடியிலேயே அவர் நல்ல முகவர் அல்லர் என்று முடிவு செய்துவிடலாம்.

சுங்கச்சாவடி_வாசி

வளைகுடா நாடுகளின் ஹோட்டல் வேலைக்குக் கணக்கு வேறு. அங்கே வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் வரை சேவைக் கட்டணமாக வாங்கலாம். அதற்கு மேல் கூடாது. முகவரின் பதிவை இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் 1978 முதல் இருக்கிறது. அவர்களுடைய அறிவிப்புகளையும் கவனியுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்றிதழைக் கொடுத்துக் கடவுச்சீட்டு எடுத்தால் குடியேற்ற அனுமதி தேவைப்படாத பிரிவில் கிடைக்கும். பிளஸ் டூ முடித்தவர்களும் சான்றிதழைக் காட்டாமல் விண்ணப்பித்துவிட்டுப் பின்னால் அலைகிறார்கள்.

டொராண்டோவில்_வண்ணை

வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்து ஒண்டாரியோவில் உணவகத் துறையில் இருக்கிறேன். தனி மனிதருக்கு உரிமம் என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்பதைச் சொன்னால் குழப்பம் தீரும் என்று நினைக்கிறேன். இங்கே ஒண்டாரியோவில் மது பரிமாறும் ஒவ்வொருவரும் ஸ்மார்ட் சர்வ் என்ற சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் 2022 முதல் பரிமாறுபவர்கள் பொறுப்பான மதுப் பரிமாற்றம் குறித்த பயிற்சி முடித்து, அரசு நடத்தும் தேர்வில் தேறிச் சான்றிதழ் பெற வேண்டும், வேலையில் சேர்ந்த 60 நாட்களுக்குள் அதை முடிக்க வேண்டும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஆர்.எஸ்.ஏ. என்று பொறுப்பான மதுப் பரிமாற்றத்துக்கான சான்றிதழ் ஒன்று. இங்கிலாந்தில் தனிநபர் உரிமம் என்றே ஒன்று உண்டு என்றாலும், கவுண்டரில் நிற்கும் எல்லோருக்கும் அது தேவையில்லை. பாரின் விற்பனைக்குப் பொறுப்பேற்கும் மேற்பார்வையாளருக்குத்தான் தேவை.

இவற்றில் எதிலும் ஷேக்கரைச் சுழற்றுவது பாடமாக வராது. வயதைச் சரிபார்ப்பது எப்படி, போதை ஏறியவரை அடையாளம் காண்பது எப்படி, பரிமாற மறுப்பது எப்படி, மறுத்த பிறகு நடப்பதற்கு யார் பொறுப்பு என்பனவே பாடம். அளவுக்குவளை அவர்கள் மேலே எழுதிய கணக்குத்தான் இங்கே தேர்வுக் கேள்வியாக வருகிறது. இவை எல்லாம் அந்தந்த ஊருக்கு வந்த பிறகு சில நூறு டாலருக்கும் குறைவான செலவில் எடுக்கக் கூடியவை. சென்னையில் இருந்துகொண்டு இவற்றுக்காக எவரிடமும் பணம் கொடுக்க வேண்டாம்.

வியாசை_இளைஞன்

அனைவருக்கும் மிக்க நன்றி. அந்த நிறுவனத்தில் சேர்வதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். இன்னும் சில மாதங்களில் 21 நிறையும். அதுவரை இப்போதைய வேலையில் இருந்துகொண்டே பழகக் கூடியவை எவை? மதுவைத் தொடாமல் பழக முடியுமா? நேர்காணலில் என்ன செய்து காட்டச் சொல்வார்கள்?

அளவுக்குவளை

தாராளமாகப் பழகலாம். இந்தத் தொழிலின் பெரும்பகுதியைத் தண்ணீரிலேயே கற்றுக்கொள்ள முடியும்.

750 மில்லி காலிப் பாட்டில் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, வாயில் ஊற்றுமூக்கைப் பொருத்துங்கள். 30, 60 மில்லி என்று இரு பக்கமும் அளவுள்ள ஜிக்கர் ஒன்று பாத்திரக் கடையில் கிடைக்கும். முதலில் ஜிக்கரின் விளிம்பு வரை, ஒரு துளி சிந்தாமல், ஊற்றி நிறுத்தப் பழகுங்கள். பிறகு மனத்துக்குள் எண்ணிக்கொண்டே குவளையில் நேரடியாக ஊற்றி, அதை ஜிக்கரில் கவிழ்த்து அளந்து பாருங்கள். ஒரு முழுப் பாட்டிலில் 25 ஸ்மால், அதாவது 30 மில்லி அளவு, இருக்கிறது. ஒவ்வொரு முறையும் இரண்டு மில்லி கூடினால் 24 கூட வராது; மாதக் கடைசியில் இருப்பு எடுக்கும்போது அந்தப் பற்றாக்குறை உங்கள் பெயரில்தான் நிற்கும். குறைத்து ஊற்றினால் அது வாடிக்கையாளரை ஏமாற்றுவது. எங்கள் பாரில் நான் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது வேறெதற்கும் முன்பு இதைத்தான் செய்து காட்டச் சொல்கிறேன். கையில் பாட்டிலைச் சுழற்றிக் காட்டுபவர்கள் பலர் இதில் தடுமாறுகிறார்கள்.

அடுத்தது பனிக்கட்டி. குலுக்கிக் கலப்பதும் கரண்டியால் கிளறிக் கலப்பதும் இரு வேறு முறைகள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏன் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். எலுமிச்சைச் சாறு, பழச்சாறு, பாலேடு, முட்டை வெள்ளைக்கரு சேரும் பானங்களைக் குலுக்கினால்தான் ஒன்றோடொன்று கலக்கும், நுரை எழும். மதுவகைகள் மட்டும் சேரும் பானத்தைக் கிளறினால் தெளிவாக இருக்கும். இரண்டிலும் பனிக்கட்டி கரைந்து சேரும் தண்ணீரும் பானத்தின் ஒரு பகுதியே. ஈரமான, உடைந்த பனிக்கட்டியைப் போட்டால் சீக்கிரம் கரைந்து சுவை நீர்த்துவிடும். இதை உங்கள் மாக்டெயில் கவுண்டரில் இன்றே சோதித்துப் பார்க்கலாம்: ஒரே எலுமிச்சைச் சாறு, ஒரே சர்க்கரைப் பாகு, இரண்டு வகைப் பனிக்கட்டி.

எலுமிச்சைச் சாற்றைக் காலையில் பிழிந்து வைத்ததற்கும் மாலையில் பிழிந்ததற்கும் உள்ள வேறுபாட்டை நாக்கில் அறியுங்கள். சர்க்கரைப் பாகைச் சம அளவில் காய்ச்சப் பழகுங்கள். புதினாவை நசுக்கும்போது மணம் வரும் அளவோடு நிறுத்துங்கள், இலை கிழிந்தால் கசக்கும். நம் ஊர் நன்னாரி, நெல்லிக்காய், கறிவேப்பிலை, பனங்கருப்பட்டி எல்லாம் இன்று சென்னை பார்களின் பட்டியலில் இடம்பிடித்திருக்கின்றன. சௌகார்பேட்டைக் கடைகளில் கிடைக்கும் மசாலாப் பொருட்களின் மணங்களைப் பிரித்தறியும் மூக்கு உங்களுக்கு இருந்தால் அது பெரிய பலம்.

பன்னாட்டுப் பார்டெண்டர் சங்கம், 1951இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்டது, ஒரு காக்டெயில் பட்டியலை வெளியிட்டிருக்கிறது. அவர்களுடைய தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். அதிலிருந்து பத்துப் பன்னிரண்டை மட்டும் எடுத்து, அளவு, முறை, குவளை, அலங்காரம் என நான்கையும் மனப்பாடமாக எழுதிப் பழகினால் நேர்காணலுக்குப் போதும். அத்தோடு ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் தடையில்லாமல் பேசுவதற்குத் தினமும் கண்ணாடி முன் பழகுங்கள். சரளத்தைக் காட்டிலும் பணிவும் தெளிவும்தான் பார்க்கப்படும்.

சேர்ந்தவுடன் பார்பேக் என்ற உதவியாளர் இடம்தான் தருவார்கள். பனிக்கட்டி சுமப்பது, குவளை துடைப்பது, பழம் நறுக்குவது, கிடங்கிலிருந்து சரக்கு எடுத்துவருவது. ஆறு மாதமோ ஒரு வருடமோ அதில் நிற்க வேண்டியிருக்கும். சம்பளம் அந்தக் காலத்தில் நீங்கள் இப்போது வாங்குவதைவிடப் பெரிதாக இருக்காது. டிப்ஸ் தொகையை எல்லோருக்கும் பகிர்ந்து கொடுக்கும் இடமா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள் போன்ற மதுவிலக்கு நாட்களில் பார் மூடியிருக்கும், ஆனால் உங்களுக்கு விடுமுறை இராது. அலமாரி முழுவதையும் இறக்கித் துடைத்து இருப்பை எண்ணுவது அந்த நாட்களில்தான். ஒவ்வொரு பாட்டிலின் பெயரும் இடமும் தன்மையும் எனக்கு மனப்பாடமானது அப்படித்தான்.

எண்ணூர்_மாணவி

இவ்வளவு விரிவாக எங்கள் கல்லூரியில் யாரும் சொன்னதில்லை, அண்ணா. என் வகுப்புத் தோழிகளுக்கும் இந்த இழையை அனுப்புகிறேன்.

பழைய_வண்ணை

தம்பி, உன் கடவுச்சீட்டு விண்ணப்பத்தையோ தரமணிப் படிப்புக்கான விண்ணப்பத்தையோ நிரப்புவதில் உதவி வேண்டுமென்றால் கேள். மாலை நேரங்களில் நான் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். நீயும் வந்து உட்காரலாம். கட்டணம் எதுவும் வாங்குவதில்லை.

வியாசை_இளைஞன்

ஐயா, மிக்க நன்றி. கட்டாயம் வருகிறேன். தரமணிப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். கடைசியாக ஒரே ஒரு சந்தேகம்: ஹோட்டல்களில் மருத்துவத் தகுதிச் சான்றிதழ் கேட்பதாக என் மேலாளர் சொன்னார். அது பார் பிரிவுக்கும் பொருந்துமா?

அளவுக்குவளை

பொருந்தும். உணவையும் பானத்தையும் கையாளும் எவரும் ஆண்டுக்கொருமுறை மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்புத் தரநிர்ணய ஆணையத்தின் விதி. பனிக்கட்டியை அள்ளுபவருக்கும் அது உண்டு. பதிவு பெற்ற மருத்துவர் ஒருவரிடம் சான்றிதழ் பெறலாம். நீங்கள் இப்போது வேலை செய்யும் உணவகத்திலேயே அது எடுத்திருக்க வேண்டும். எடுத்திருந்தால் அதன் நகலையும், இப்போதைய முதலாளியிடமிருந்து பணி அனுபவக் கடிதத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழைப் பெரும்பாலும் ஹோட்டல் வேலை உறுதியான பிறகே கேட்பார்கள் என்பதால் அதற்கு இப்போதே செலவு செய்ய வேண்டியதில்லை.